ஏசி போட்டாலே எம்சிபி டிரிப் ஆகுதா? பெரிய பிரேக்கர் மாற்றும் முன் இதைப் படிங்க!

இரவு 11 மணி. ஏசி ஓடத் தொடங்கி கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம், அறை இருட்டு. எழுந்து போய் டிபி பாக்ஸைத் திறந்து, கீழே விழுந்திருக்கும் சுவிட்சை மேலே தூக்கிவிட்டால் மறுபடி ஏசி ஓடுகிறது. பத்து நிமிடத்தில் மறுபடியும் 'டப்'.

கோடை வந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடப்பது இது. மறுநாள் காலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், பல நேரங்களில் கிடைக்கும் தீர்வு ஒன்றுதான்: "20 ஆம்பியர் தாங்கல சார், 32 போட்டுடலாம்." போட்டதும் டிரிப் நின்றுவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அங்கே கோளாறு சரியாகவில்லை. கோளாறு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த சுவிட்சின் வாயைத்தான் அடைத்திருக்கிறார்கள். எந்த சுவிட்ச் விழுகிறது, எப்போது விழுகிறது என்ற இரண்டையும் கவனித்தாலே பாதி கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஸ்க்ரூ டிரைவர்கூட தேவையில்லை.

விழுந்தது எந்த சுவிட்ச்?

டிபி பாக்ஸில் இரண்டு விதமான சுவிட்சுகள் இருக்கும். வரிசையாக ஒல்லியாக நிற்பவை எம்சிபி. அவற்றில் 'சி20', 'பி16' என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். பக்கத்தில் கொஞ்சம் அகலமாக, 'டெஸ்ட்' என்று ஒரு சிறிய பட்டனுடன் இருப்பது ஆர்சிசிபி. அதில் '30 எம்ஏ', அதாவது 30 மில்லி ஆம்பியர் என்று இருக்கும். பழைய வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமலே இருக்கலாம்.

இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. வயரில் அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் எம்சிபி விழும். போன கரன்ட் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வராமல், கொஞ்சம் வேறு எங்கோ கசிந்தால் ஆர்சிசிபி விழும். அந்த 'வேறு எங்கோ' என்பது எர்த் வயராக இருக்கலாம், ஈரச் சுவராக இருக்கலாம், ஒரு மனிதரின் உடம்பாகவும் இருக்கலாம்.

தீ விபத்துச் செய்திகளில் எதற்கெடுத்தாலும் 'மின்கசிவு காரணமாக' என்று எழுதப்படுவது வழக்கம். உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனி கோளாறுகள் இருக்கின்றன. தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறுவது ஓவர்லோடு. பேஸ் வயரும் நியூட்ரல் வயரும் நேரடியாக உரசிக்கொள்வது ஷார்ட் சர்க்யூட். கரன்ட் வழி மாறி எர்த்துக்குப் போவதுதான் நிஜமான கசிவு. முதல் இரண்டுக்கும் எம்சிபி, மூன்றாவதற்கு ஆர்சிசிபி.

ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். ஆர்சிசிபி துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியரைப்போல 500 மடங்குக்கும் மேல். ஒருவர் உடம்பு வழியாக உயிரைப் பறிக்கும் அளவு கரன்ட் போய்க்கொண்டிருந்தாலும் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

20-க்கு பதில் 32 போட்டால் என்ன ஆகும்?

'20 ஆம்பியர் எம்சிபி' என்றால் 20 ஆம்பியரைத் தாண்டிய நொடியில் விழும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டு எம்சிபிகளுக்கான தரவிதிப்படி, குறிப்பிட்ட அளவைப்போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 20 ஆம்பியர் எம்சிபி 22.6 ஆம்பியரைப் பேசாமல் விட்டுவிடும். 29 ஆம்பியர் ஓடினால்கூட ஒரு மணி நேரம் வரை நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். அடுத்த அறைக்குப் புதிதாக வாங்கிய இன்னொரு ஏசிக்கும் அதே லைனில் இருந்து இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு 8. பாத்ரூமில் இருக்கும் 3,000 வாட் கெய்சருக்கும் அதே லைன்தான். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். மொத்தம் 29.

காலையில் ஏசியை அணைக்கும் முன் யாராவது கெய்சரைப் போட்டால் சிறிது நேரத்தில் 20 ஆம்பியர் எம்சிபி விழும். வீட்டுக்காரருக்கு அது தொல்லை. வயருக்கோ அது ஓய்வு. ஏனென்றால் பழைய வீடுகளில் பவர் பிளக்குக்கு இழுத்திருப்பது பெரும்பாலும் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர். குழாய்க்குள் ஓடும் அந்த வயர் சுமார் 20 ஆம்பியரைத்தான் நிம்மதியாகத் தாங்கும்.

இப்போது 32 ஆம்பியர் எம்சிபி போட்டாகிவிட்டது. அதன் 1.13 மடங்கு, 36 ஆம்பியர். 29 எல்லாம் அதற்கு ஒரு சுமையே இல்லை, விழவே விழாது. வயரில் உண்டாகும் வெப்பம் கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும் என்பதால், 20 ஆம்பியரில் இருந்து 29 ஆம்பியருக்குப் போகும்போது வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். அதற்கு மேல் தினமும் சூடேறினால் உறை காய்ந்து, வெடித்து, ஒருநாள் சுவருக்குள்ளேயே ஷார்ட் ஆகும்.

பியூஸ் கேரியர் காலத்தில், அடிக்கடி பியூஸ் போகிறது என்று கம்பியை ரெண்டு இழை, மூன்று இழையாக முறுக்கிப் போட்ட வீடுகள் உண்டு. 32 ஆம்பியர் எம்சிபி என்பது அதே பழக்கத்தின் புது வடிவம். எம்சிபியின் அளவை முடிவு செய்ய வேண்டியது சுவருக்குள் இருக்கும் வயர், வெளியே இருக்கும் ஏசி அல்ல. ஏசிக்குப் பெரிய எம்சிபி வேண்டுமென்றால் முதலில் 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுக்க வேண்டும், பிறகுதான் எம்சிபி.

டிரிப் ஆகும் நேரத்தைக் கவனியுங்கள்

சரி, ஏசிக்குத் தனி லைன், சரியான வயர் எல்லாம் இருக்கிறது. அப்படியும் எம்சிபி விழுகிறதா? அப்படியானால் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

சுவிட்சைத் தூக்கிய அதே கணம், ஏசி இன்னும் ஆன்கூட ஆகாத நிலையில் விழுந்தால் அது நேரடி ஷார்ட். மறுபடி தூக்கிப் பார்க்கக் கூடாது. ஏசி பிளக்கில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு முறை பார்க்கலாம். பிளக் கழன்ற பிறகும் விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கும் வயரிலோ பிளக் பாயின்ட்டிலோதான். எம்சிபி நின்றுகொண்டால் கோளாறு ஏசிக்குள். இடி மின்னலோ அதிக வோல்டேஜோ வந்த மறுநாள் இப்படி ஆனால், ஏசியின் எலக்ட்ரானிக் போர்டில் அதிக வோல்டேஜைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற சின்ன பாகம் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆன் ஆகிறது, காற்று வருகிறது, ஆனால் சில நிமிடத்தில் வெளியே அவுட்டோர் யூனிட் ஓடத் தொடங்கும்போது விழுகிறது என்றால்? இங்கே ரிமோட்டே சோதனைக் கருவி. ஏசியை 'கூல்' மோடில் வைக்காமல் 'ஃபேன்' மோடில் வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் மோடில் கம்ப்ரஸர் ஓடாது. அப்போது விழாமல், கூல் மோடுக்கு மாற்றியதும் விழுந்தால் கோளாறு அவுட்டோர் யூனிட்டிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. மெக்கானிக்கிடம் இதை மட்டும் சொன்னால்கூட அவருக்கு அரை மணி நேர வேலை மிச்சம்.

அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியிலோ சன்ஷேடிலோ வெயிலிலும் மழையிலும் கிடப்பது. வயரை எலியும் அணிலும் கடிக்கும். போர்டுக்குள் பல்லி புகுந்து இரண்டு இணைப்புகளுக்கு இடையே மாட்டிச் செத்துக் கிடப்பது ஏசி மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன காட்சி. இதெல்லாம் சரி செய்யக்கூடியவை. கம்ப்ரஸருக்குள் இருக்கும் சுருளே எரிந்து அதன் உடம்பில் கரன்ட் இறங்கியிருந்தால்தான் பெரிய செலவு.

ஆனால் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லும் முன் பார்க்க வேண்டியது கெபாசிட்டர். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ரக ஏசிகளில் கம்ப்ரஸரை உந்திவிட்டு ஓட வைப்பது இதுதான். இது பலவீனமானால் கம்ப்ரஸர் சுற்ற முடியாமல் 'ம்ம்ம்' என்று முனகும். அப்படி முனகும்போது, வழக்கமான கரன்ட்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 8 ஆம்பியர் இழுக்க வேண்டியது 40, 45 ஆம்பியர் இழுத்தால் எம்சிபி எவ்வளவு நேரம் தாங்கும்? சில நொடிகளில் இருந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். கெபாசிட்டர் சில நூறு ரூபாய் சமாச்சாரம். கம்ப்ரஸர் பல ஆயிரம். கெபாசிட்டரை மீட்டர் வைத்துச் சோதிக்காமலே 'கம்ப்ரஸர் மாத்தணும்' என்று சொல்பவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பே இல்லை.

இதே முனகல் வோல்டேஜ் குறைந்தாலும் வரும். கோடை இரவில் தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது மட்டும் டிரிப் ஆகிறது, பகலில் ஆகவில்லை என்றால் ஸ்டெபிலைசரில் காட்டும் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். பிரச்சினை வீட்டுக்கு வெளியே இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் செய்யலாம். பவர் கட் ஆகி உடனே கரன்ட் வந்தாலும் மூன்று நிமிடமாவது விட்டுத்தான் ஏசியைப் போட வேண்டும். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் இறங்காமல் அது மறுபடி சுற்றத் தொடங்குவது சிரமம். இப்போதைய ஏசிகள் பலவற்றில் இந்தத் தாமதம் தானாகவே நடக்கும்.

ஏசி ஸ்டார்ட் ஆகும் அந்த நொடி மட்டும் விழுந்து, தூக்கிவிட்டால் பிறகு நாள் முழுக்க ஓடுகிறதா? எம்சிபியில் 'பி' என்று இருக்கிறதா 'சி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பி ரகம் தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கில் உடனடியாகத் துண்டிக்கும். சி ரகம் 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். பி16 என்றால் 48 ஆம்பியரிலேயே விழ வாய்ப்புண்டு. பழைய ரக ஏசி ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் அந்த அளவை நெருங்கிவிடும். அதே ஆம்பியரில் சி ரகம் மாற்றுவதே பெரும்பாலும் போதும். ஆனால் இன்வெர்ட்டர் ஏசிக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அது மெதுவாக வேகமெடுப்பது, ஸ்டார்ட் ஆகும்போது இப்படி மொத்தமாக இழுக்காது. இன்வெர்ட்டர் ஏசியைப் பார்த்து 'ஸ்டார்ட்டிங் கரன்ட் ஜாஸ்தி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அரை மணி, முக்கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, அதுவும் உச்சி வெயிலில் விழுவதுதான் குழப்பமான ரகம். இதற்குப் பெரும்பாலும் காரணம் சூடு. அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளில் தூசி அடைத்திருந்தாலோ, பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடியதில் அந்த யூனிட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாலோ, வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் ஏறும், கரன்ட்டும் கூடவே ஏறும். உள்ளே இருக்கும் ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டு 'சர்வீஸ் பண்ணியாச்சே' என்று சொல்வதில் பயனில்லை. ஃபில்டரைக் கழுவினால் குளிர்ச்சி கூடும், டிரிப் நிற்பது வெளி யூனிட்டைக் கழுவினால்தான்.

இன்னொரு காரணம் டிபி பாக்ஸுக்குள்ளேயே இருக்கலாம். எம்சிபியில் வயரை முடுக்கும் திருகு லேசாகத் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். எம்சிபி வேலை செய்வதே வெப்பத்தை வைத்துத்தான் என்பதால், கரன்ட் சரியாக இருந்தாலும் அந்தச் சூட்டில் விழுந்துவிடும். டிபி பாக்ஸ் பக்கத்தில் பிளாஸ்டிக் கருகிய வாடை, எம்சிபி ஓரத்தில் பழுப்பு நிறம், தொட்டால் மற்ற எம்சிபிகளைவிட இது மட்டும் சூடு: இதில் ஒன்று இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆர்சிசிபி விழுந்தால் முதல் சந்தேகம் கெய்சர் மேல்

ஆர்சிசிபி விழுந்தால் வீடு முழுக்க கரன்ட் போய்விடும் என்பதால் எந்தப் பொருளில் கோளாறு என்று தெரியாது. எல்லா எம்சிபியையும் கீழே இறக்கிவிட்டு, ஆர்சிசிபியைத் தூக்கி, பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது எளிய வழி. எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு.

பெரும்பாலும் மாட்டுவது கெய்சர். தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் ஒரு உலோகக் குழாய். அதற்குள் கரன்ட் ஓடும் கம்பியும், கம்பி குழாயில் படாமல் இருக்க மக்னீசியம் ஆக்சைடு பொடியும் இருக்கும். போர் தண்ணீரின் உப்பு குழாய் மேல் பாறைபோல் படியும். சூடு வெளியேறாமல் குழாய் வெடிப்பு விடும், தண்ணீர் உள்ளே இறங்கும், கரன்ட் தண்ணீருக்கு வரும். குளிக்கும்போது குழாயைத் தொட்டால் 'சுர்' என்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கெய்சர் எம்சிபியை இறக்கிவிட்டு, எலிமென்ட்டும் எர்த்தும் சோதிக்கப்படும் வரை அதைத் தொடவே கூடாது.

மழை பெய்தால் மட்டும் ஆர்சிசிபி விழுகிறதா? அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் வயரில் நடுவழியில் டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். டேப்புக்குள் தண்ணீர் இறங்கினால் கசியும், வெயில் அடித்தால் காய்ந்து சரியாகிவிடும். அதனால்தான் மெக்கானிக் வரும் நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் வழியிலும் ஒரு ஓட்டை உண்டு. பல வீடுகளில் எம்சிபி பேஸ் வயரை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். கெய்சரிலோ ஏசியிலோ நியூட்ரல் வயர் எர்த்தோடு உரசிக்கொண்டிருந்தால், அதன் எம்சிபியை இறக்கினாலும் கசிவு நிற்காது. அடுத்த அறையில் மிக்ஸி போட்டதும் அதன் நியூட்ரல் கரன்ட்டில் ஒரு பகுதி இந்த வழியாக எர்த்துக்குப் போகும், ஆர்சிசிபி விழும். தப்பு செய்தது கெய்சர், மாட்டிக்கொள்வது மிக்ஸி. எம்சிபியை இறக்கியும் கோளாறு பிடிபடவில்லை என்றால் பிளக்கையே கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். கையும் தரையும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

எந்தக் கோளாறும் இல்லாமலும் ஆர்சிசிபி விழலாம். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாமே இயல்பாக மிகக் கொஞ்சம் கரன்ட்டை எர்த்துக்கு விடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டினாலே விழ அனுமதி உண்டு. வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபியில் இருந்தால் இந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டுவிடும். தீர்வு ஆர்சிசிபியைக் கழற்றி நேரடியாக இணைப்பது அல்ல. ஏசி, கெய்சருக்குத் தனித்தனியாக ஆர்சிபிஓ போடலாம். எம்சிபி, ஆர்சிசிபி இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் சுவிட்ச் அது.

கடையில் கேட்கும்போது ஒரு பெயர்க் குழப்பம் வரலாம். 'ஏசி டைப்' ஆர்சிசிபி என்றால் ஏசி மெஷினுக்கானது என்று அர்த்தமில்லை. இன்வெர்ட்டர் ஏசி இருக்கும் லைனுக்குப் பொருத்தமானது 'ஏ டைப்'.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

விழுந்த எம்சிபியை முழுவதும் கீழே அழுத்திவிட்டு ஒருமுறை மேலே தூக்கலாம். மறுபடி விழுந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். விரலால் பிடித்துக்கொண்டு நிற்பதில் பயனும் இல்லை, உள்ளே அது துண்டித்துத்தான் இருக்கும். ஆர்சிசிபியின் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த ஆர்சிசிபி சுவரில் ஒட்டிய வெறும் பிளாஸ்டிக் டப்பா, மாற்றியாக வேண்டும்.

அவுட்டோர் யூனிட்டின் மூடியை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். கரன்ட்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். புதிய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்32 வாயு லேசாகத் தீப்பற்றக்கூடியதும்கூட.

வயரிங் பக்கம் கோளாறு என்றால் கம்பியாள் தகுதிச் சான்று பெற்றவரையும், ஏசிக்குள் என்றால் ஏசி மெக்கானிக்கையும் கூப்பிடுங்கள். வருபவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. கிளாம்ப் மீட்டர் வைத்து ஏசி எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தீர்களா? மெக்கர் வைத்து வயரிலும் கம்ப்ரஸரிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? சுவருக்குள் ஓடுவது எத்தனை சதுர மில்லிமீட்டர் வயர்? இந்த மூன்றுக்கும் பதில் வராமல், பையில் இருந்து 32 ஆம்பியர் எம்சிபியை எடுத்தால், பழையதையே விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.